சுவருக்குள் ஓர் அடுப்பு

தில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர்களிடம் முதல் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஸ்வெட்டர் இல்லாமல் ரயிலை விட்டு இறங்கியது, காலையில் குழாயைத் திறந்து கையை நீட்டிவிட்டு அலறியது, தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்தது என்று கதைகளுக்குப் பஞ்சமே இருக்காது. இங்கே நான் சொல்லப்போவது என் தாயார் இங்கு கழித்த முதல் குளிர்காலத்தைப் பற்றி. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

2003 ஜனவரி. நாகப்பட்டினத்திலிருந்து அம்மா எங்களோடு இருக்க வந்திருந்தார்கள். கடற்கரை ஊரிலேயே எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனி, அவ்வளவுதான். இங்கே வந்த இரண்டாம் நாளே, "இந்த ஊர்ல மனுஷங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். நான் உடனே கடைக்குப் போய் 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அம்மா படுக்கும் சிறிய அறையில் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் கிடையாது. அது குளியலறையில் கீசருக்கும், சமையலறையிலும்தான் இருந்தது. அறையில் இருந்ததெல்லாம் டேபிள் ஃபேன் செருகுகிற 5 ஆம்பியர் பாயிண்ட். ஹீட்டரின் தடித்த மூன்று பின் பிளக் அதில் நுழையாது. அதனால் என்ன? கடைக்காரரே ஒரு கன்வெர்ட்டர் பிளக்கைக் கொடுத்தார். அதை ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, போர்டைக் கட்டிலின் ஓரமாக வைத்து, ஹீட்டரையும் போட்டுவிட்டேன். அறை கதகதவென்று ஆயிற்று. அம்மா ரஜாயைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நான்காவதோ ஐந்தாவதோ இரவு. மணி இரண்டிருக்கும். அம்மா வந்து என்னை எழுப்பினார்கள்.

"தம்பி, எந்திரிப்பா. மேல் வீட்டுல யாரோ மீனைக் கருக விட்டுட்டாங்க போல இருக்கு. கவிச்சி மூக்கைத் துளைக்குது."

மேல் வீட்டில் இருந்தது ஒரு வங்காளிக் குடும்பம். மீன் சமைப்பவர்கள்தான். "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும்மா மீன் பொரிப்பாங்க?" என்று முனகிக்கொண்டே எழுந்தேன். எனக்கு ஜலதோஷம். ஒரு வாசனையும் தெரியவில்லை. ஒரு கடமைக்காக டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் எம்.சி.பி. பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாக் குமிழ்களும் மேலேதான் இருந்தன.

"ஒண்ணும் இல்லம்மா. கரண்ட்ல கோளாறு இருந்தா அது தானா விழுந்திடும். விழல. நீங்க படுங்க."

"அது விழுந்தா என்ன, விழாட்டி என்ன? என் மூக்கு பொய் சொல்லாது. அந்த அடுப்பை நிறுத்திடு. எனக்குப் போர்வையே போதும்."

சொல்லிவிட்டு அவர்களே போய் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். ஹீட்டரை அவர்கள் கடைசிவரை 'அடுப்பு' என்றுதான் சொன்னார்கள்.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எனக்குக் குலை நடுங்கியது. வெள்ளைக் கன்வெர்ட்டர் பிளக் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. அதை வெளியே இழுத்தபோது எக்ஸ்டென்ஷன் போர்டின் ஒரு பகுதியும் ஒட்டிக்கொண்டே வந்தது. போர்டைத் திறந்தேன். ஒயரின் மேலுறை சுட்ட அப்பளம் போல விரல் பட்டதும் பொடிந்தது. போர்டுக்கு அரை அடி தூரத்தில் ரஜாயின் ஓரம் தரையில் தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சடைத்த ரஜாய். ஹீட்டரோ புத்தம் புதிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. எம்.சி.பி. அப்போதும் விழவில்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியனாக வேலை பார்த்தவன். மின்னோட்டத்தின் வெப்ப விளைவு பத்தாம் வகுப்புப் பாடம். அதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். பாடத்தை அறிந்தவன் எம்.சி.பி.யைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனான். பாடத்தை அறியாதவர் மூக்கை நம்பினார். அன்று முதல் இதை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்று உங்களிடம்.

ஜூல் கண்ட கணக்கு

மின்சாரம் ஒரு கம்பி வழியே பாய்ந்தால் கம்பி சூடாகும். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் நகரும்போது, தம் இடத்தில் நின்று அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களோடு மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஆற்றல் அணுக்களுக்குப் போய்ச் சேருகிறது. அணுக்களின் அதிர்வு கூடுகிறது. அதிர்வு கூடுவதைத்தான் நாம் சூடு என்கிறோம். சாதாரண கம்பி எதுவானாலும் இந்தச் சூட்டிலிருந்து தப்ப முடியாது.

எவ்வளவு சூடாகும் என்று முதலில் கணக்குக் கண்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகில் ஸால்ஃபோர்டில் 1818-ல் பிறந்தவர். தந்தைக்கு மது வடிக்கும் ஆலை இருந்தது. ஜூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். வீட்டிலேயே பாடம் படித்தார், வீட்டிலேயே சோதனைகளும் செய்தார். கம்பியைச் சுருளாகச் சுற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தி, தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 1841-ல் அந்தக் கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது 22. அடுத்த ஆண்டே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லென்ஸ் என்ற அறிஞரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

ஜூல் கண்டது இதுதான்: கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தையும், கம்பியின் மின்தடையையும், மின்சாரம் பாயும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். மூன்றையும் நினைவில் வையுங்கள். மின்னோட்டம், மின்தடை, நேரம். இவற்றில் மின்னோட்டம் மட்டும் வர்க்கமாக வருகிறது.

அவர் பெயர்தான் இன்று ஆற்றலின் அலகு. நம் வீட்டு மின் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஸேல் என்ற ஊரில் உள்ள அவருடைய கல்லறையில் 772.55 என்று ஓர் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். இவ்வளவு வேலை இவ்வளவு வெப்பத்துக்குச் சமம் என்று ஆயுள் முழுக்க அளந்து அவர் கண்ட எண் அது. தன் கணக்கையே கல்லறைக் கல்லில் கொண்ட மனிதர்!

ஒரே மின்னோட்டம், இரண்டு இடத்தில் சூடு

இப்போது என் ஹீட்டருக்கு வருவோம். 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். இந்த 8.7 ஆம்பியர் ஹீட்டரில் மட்டும் பாய்வதில்லை. மெயின் பெட்டியிலிருந்து சுவருக்குள் போகும் ஒயரிலும், சுவிட்சிலும், சாக்கெட்டிலும், பிளக்கின் பின்களிலும், ஹீட்டரின் சுருளிலும் அதே 8.7 ஆம்பியர்தான் பாய்கிறது. ஆகவே எங்கே எவ்வளவு சூடு என்பதை முடிவு செய்வது அந்தந்த இடத்தின் மின்தடை மட்டுமே.

ஹீட்டரின் சுருள் நைக்ரோம் என்ற உலோகக் கலவை. நிக்கலும் குரோமியமும் கலந்தது. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் இதற்குக் காப்புரிமை பெற்றது 1906-ல். செம்பைவிட 60 மடங்குக்கு மேல் மின்தடை உள்ளது. செக்கச்செவேலென்று கனன்றாலும் இது சீக்கிரம் துருப்பிடித்து உதிராது. மேலே படியும் குரோமிய ஆக்ஸைடே கவசமாக நின்று காக்கும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி, டோஸ்டர் எல்லாவற்றிலும் கனல்வது பெரும்பாலும் இந்த வகைக் கம்பிதான். என் ஹீட்டரில் அதன் மின்தடை சுமார் 26 ஓம். பிறந்த வெப்பம் 2000 வாட். அதற்காகத்தான் வாங்கினோம்.

சுவருக்குள் இருக்கும் ஒயர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் பத்து மீட்டர் தூரம் போய்த் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்த மின்தடை 0.15 ஓம்தான். வெப்பம் 11 வாட். அதுவும் பத்து மீட்டர் நீளத்துக்கும் பரவிக்கிடக்கிறது. சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒயருக்கு ஆபத்தில்லை.

ஆக, நாம் பணம் கொடுத்து வாங்கிய சூடும், நாம் கேட்காமலே வந்த சூடும் ஒரே விதிப்படி பிறந்தவை. ஒன்றை ஹீட்டர் என்கிறோம். இன்னொன்றைப் பார்ப்பதே இல்லை.

வர்க்கம் செய்கிற வம்பு

மார்கழி அதிகாலையை நினைத்துப் பாருங்கள். குளியலறையில் 2000 வாட் கீசர். அறையில் 2000 வாட் ஹீட்டர். வாடகை வீடுகளில் அடிக்கடி நடப்பது போல, கீசருக்குப் போகும் ஒயரிலிருந்தே யாரோ ஒரு கிளை பிரித்து அறைக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது பொது ஒயரில் பாய்வது 17.4 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டு மடங்கு. வெப்பமும் இரண்டு மடங்கா? இல்லை, நான்கு மடங்கு. 11 வாட் 45 வாட் ஆகிறது. மூன்றாவதாக அதே அளவு இஸ்திரிப்பெட்டி ஒன்றும் சேர்ந்தால் ஒன்பது மடங்கு.

ஒயர் மெலிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போடுகிற 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இதே 17.4 ஆம்பியர் பாய்ந்தால், அதே பத்து மீட்டர் தூரத்தில் பிறக்கும் வெப்பம் 110 வாட்டுக்குப் பக்கம். சாதாரண பி.வி.சி. மேலுறை தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ்தான். அதற்கு மேலே போனால் உறை இளகும். நாள்பட நாள்பட அதன் நெகிழ்வு போய் மொறுமொறுவென்று ஆகிவிடும். அன்று காலை நான் அப்பளம் என்றது அதைத்தான்.

இதே வர்க்கத்தை நாடு தனக்குச் சாதகமாகவும் பயன்படுத்திக்கொள்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை ஒன்று 2021-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாதையின் திறன் 6,000 மெகாவாட். இரு கம்பிகளுக்கு இடையே 1,600 கிலோவோல்ட் இருப்பதால், முழுத் திறனையும் கொண்டுபோக 3,750 ஆம்பியர் போதும். அதே மின்சாரத்தை நம் வீட்டு 230 வோல்ட்டில் அனுப்ப முயன்றால் 2 கோடியே 60 லட்சம் ஆம்பியர் வேண்டியிருக்கும். எந்தக் கம்பியும் உருகிவிடும். மின்னழுத்தத்தை ஏற்றி மின்னோட்டத்தைக் குறைப்பதெல்லாம் ஜூலின் அந்த வர்க்கத்துக்குப் பயந்துதான். ஊரிலிருக்கும் உறவினர் வீட்டு விளக்கு எரிவதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை?

இனி முக்கியமான விஷயம். அன்று என் வீட்டில் ஒயர் மெலிந்ததல்ல. கீசரும் அப்போது போடப்படவில்லை. பாய்ந்தது வெறும் 8.7 ஆம்பியர். பிறகு பிளக் ஏன் வெந்தது?

பிளக்கின் பின், சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளை நாக்கைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அங்கே மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்குதான். பிறக்கும் வெப்பம் அரை வாட்கூட இராது. ஆனால் 5 ஆம்பியருக்கென்று செய்த மெல்லிய நாக்கு, பலமுறை செருகிப் பிடுங்கித் தளர்ந்த நாக்கு, மேலே தடித்த பிளக்கின் பாரம் வேறு தொங்குகிறது என்றால்? பின்னும் நாக்கும் ஓரிரு புள்ளிகளில் மட்டுமே தொடும். அங்கே மின்தடை 0.2 ஓம் ஆனால் 15 வாட் பிறக்கும். அரை ஓம் ஆனால் 35 வாட்டுக்கு மேல். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயப் பற்று வைக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்று கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் இரவெல்லாம் கனன்றுகொண்டிருந்தது. பத்து மீட்டர் ஒயரில் பரவியிருந்தால் தொந்தரவில்லாத சூடு, ஒரே புள்ளியில் குவிந்ததால் அடுப்பாகிவிட்டது.

அது தானாகக் குறையவும் செய்யாது. சூட்டில் பித்தளை நாக்கின் விறைப்புப் போகும். பிடி மேலும் தளரும். தொடும் இடத்தில் ஆக்ஸைடு படியும். மின்தடை ஏறும். மின்தடை ஏறினால் சூடு ஏறும். இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

இனி எம்.சி.பி.யின் பக்கத்திலிருந்து பார்ப்போம். அதற்குள் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் அதே ஜூல் வெப்பத்தில் பட்டை வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும். இன்னொன்று, காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்னோட்டம் பல மடங்கு பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். இரண்டுமே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மின்னோட்டம் அதிகமா? என் வீட்டில் அதிகமாகவில்லை. சொல்லப்போனால் குறைந்திருந்தது. 26 ஓமோடு அரை ஓம் கூடினால் 8.7 ஆம்பியர் 8.5 ஆகும். வீடு எரியத் தயாராகிக்கொண்டிருந்தபோது, எம்.சி.பி.யின் கண்ணுக்கு எல்லாம் முன்னைவிட நன்றாகவே இருந்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16-ஐத் தாண்டியதும் விழுந்துவிடும் என்று நினைக்கிறோம். அதற்கான தரவிதியின்படி, 18 ஆம்பியர் பாய்ந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக்கூடாது. 23 ஆம்பியரைத் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். மோட்டார் போடும்போது வரும் சிறு ஏற்றத்துக்கெல்லாம் விழாமலிருக்க இந்த ஏற்பாடு. நான் மேலே சொன்ன கீசரும் ஹீட்டரும் சேர்ந்த 17.4 ஆம்பியருக்கு அது அசையவே அசையாது. தகுந்த ஒயர் போட்டிருந்தால் அதனால் கெடுதல் இல்லை. தகாத ஒயர் என்றால் எம்.சி.பி. காப்பாற்றாது.

பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையின் கதையும் இதுதான். ஃபியூஸ் கம்பியை உருக்குவதும் ஜூல் வெப்பம்தான். அளவு மீறினால் முதலில் தான் உருகி, சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காக்கும். அடிக்கடி போகிறதே என்று நாமே தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிட்டால், முதலில் உருக வேண்டியது உருகாமல் நிற்கும். அப்புறம் உருகுவது சுவருக்குள்.

உப்ஹார் தியேட்டர்

தளர்ந்த இணைப்பு என்றால் ஏதோ சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு, தில்லிவாசிகள் மறக்க முடியாத ஒரு நாளை நினைவூட்டுகிறேன். 1997 ஜூன் 13. தென் தில்லி கிரீன் பார்க்கில் இருந்த உப்ஹார் திரையரங்கில் பிற்பகல் காட்சி. கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்தது. புகை அரங்குக்குள் ஏறியது. வெளியேற வழி சரியாக இல்லாததால் 59 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறி. அந்த டிரான்ஸ்ஃபார்மரை அன்று காலைதான் பழுது பார்த்திருந்தார்கள். ஒரு கேபிள் இணைப்பைச் சரியாக இறுக்காமல் விட்டதே தீயின் தொடக்கம் என்று விசாரணையில் வெளியானது. கதவுகளும் வழிகளும் பற்றிய குற்றங்கள் வேறு. ஆனால் முதல் பொறி ஒரு தளர்ந்த இணைப்பிலிருந்து வந்தது.

எரிந்தது பெரிய டிரான்ஸ்ஃபார்மர், என் வீட்டில் வெந்தது சிறிய பிளக். மூலகாரணம் ஒரே ஜாதி. அந்தச் செய்தியை நானும் படித்தவன்தான். ஆறாண்டுக்குள் என் வீட்டுக் கட்டிலோரம் அதே தவறைச் செய்தேன்.

நாம் செய்யக்கூடியவை

நம்மில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். சுவரை இடித்து ஒயர் மாற்றச் சொன்னால் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனாலும் நம் கையில் இருப்பவை சில உண்டு.

ஹீட்டர், கீசர், இஸ்திரிப்பெட்டி, இம்மர்ஷன் ராடு போன்றவற்றைப் பெரிய பவர் பாயிண்ட்டில் மட்டும் செருகுங்கள். பெரிய பிளக் சின்ன சாக்கெட்டில் நுழையாமல் செய்திருப்பது நம்மைத் தொந்தரவு செய்ய அல்ல. இவ்வளவு மின்னோட்டத்தை இது தாங்காது என்று அந்தச் சாக்கெட் சொல்கிறது. கன்வெர்ட்டர் பிளக்கை வாங்குகிறவர் அந்த வாயை அடைத்துவிடுகிறார். நான் அடைத்தேன்.

அறையில் பவர் பாயிண்ட் இல்லையென்றால், எலெக்ட்ரீஷியனை அழைத்து மெயின் பெட்டியிலிருந்து தனியாக ஒரு லைன் போடச் சொல்லுங்கள். சுவரை இடிக்காமல் வெளியே கேசிங் வைத்தே போட்டுவிடலாம். எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று கேளுங்கள். 2.5-க்குக் குறையக்கூடாது. கீசரையும் ஹீட்டரையும் ஒரே லைனில் கட்ட விடாதீர்கள். 15 லிட்டர் கீசர் குளிர்ந்த தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர இருபது நிமிடம் போதும். அந்த நேரம் ஹீட்டரை அணைத்து வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

பழைய வீடுகள் பலவற்றில் அலுமினிய ஒயர் இருக்கும். அலுமினியம் திருகுக்கடியில் நாளாக ஆக அமுங்கித் தளரும். மேலே படியும் ஆக்ஸைடும் மின்சாரத்தை எளிதில் விடாது. அப்படிப்பட்ட வீட்டில் இருந்தால் ஆண்டுக்கொருமுறை சுவிட்ச் போர்டுகளைத் திறந்து திருகுகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்தவர் கையால்தான் இதைச் செய்ய வேண்டும்.

ஹீட்டர் அரைமணி நேரம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு, பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சாக்கெட்டை மாற்றியாக வேண்டும். சாக்கெட்டின் முகம் பழுப்பேறியிருந்தாலும், சுவிட்சுக்குள் 'சிர்' என்று சத்தம் வந்தாலும், ஹீட்டர் போட்டால் விளக்கு துடித்தாலும் அதே அர்த்தம்தான்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியோ, கம்பளத்துக்கடியிலோ, ரஜாய்க்கடியிலோ ஓட விடாதீர்கள். ஒயரில் பிறக்கிற சூடு காற்றில் போக வேண்டும். போக வழியில்லாவிட்டால் சின்னச் சூடும் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும். ஜூலின் கணக்கில் மூன்றாவதாக நேரம் இருக்கிறதே, அதை மறக்காதீர்கள். பத்து நிமிடம் இஸ்திரி போட்டுத் தப்பித்த பாயிண்ட், எட்டு மணி நேர ஹீட்டருக்குத் தப்பிக்காது.

கடைசியாக, வாசனை. சூடேறிய சுவிட்ச், பிளக் வகைப் பிளாஸ்டிக்குகள் சில, புகை வருவதற்கு வெகு முன்பே மீன் கவிச்சி போல நாறும். வீட்டில் யாராவது, அதுவும் பெரியவர்கள், "ஏதோ தீயுதே" என்றால் எம்.சி.பி.யைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். முதலில் அணையுங்கள். பிறகு தேடுங்கள்.

அம்மா அந்தக் குளிர்காலத்தை ரஜாயிலும் வெந்நீர் பையிலும் கழித்தார்கள். பவர் பாயிண்ட் போட்ட பிறகும் ஹீட்டரை இரவில் போட விடவில்லை. மறு வருடம் வரச்சொல்லி எழுதியபோது, "அடுப்பை வித்துட்டியா?" என்று கேட்டுத்தான் வந்தார்கள். இப்போது அவர்கள் இல்லை. அந்த வெல்லப்பாகு நிறப் பிளக் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓய்வு பெறும் வரை அந்தப் பாடம் வந்தபோதெல்லாம் அதை வகுப்புக்கு எடுத்துப்போய் வரிசை வரிசையாகக் கைமாற்றிக் காட்டினேன். கரும்பலகைச் சூத்திரத்தை மறந்த மாணவர்கள் உண்டு. பிளக்கை மறந்தவர்களை நான் பார்த்ததில்லை.

கார்த்திகை பிறந்தால் இங்கே குளிர் தொடங்கும். தீபத்துக்காக அகல் விளக்குகளைத் துலக்கி எடுத்து வைக்கிற அந்த நாளில், பரணிலிருந்து ஹீட்டரையும் இறக்குவோம். அன்று ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, அதைச் செருகப்போகும் சாக்கெட்டையும் பார்த்துவிடுங்கள். வாசலில் ஏற்றுகிற தீபம் நாம் ஏற்றியது. சுவருக்குள் நமக்குத் தெரியாமல் ஒன்று எரிய வேண்டாம்.